புஞ்சைக்கு வஜா கிடையாது

வெள்ளைக்காரர் காலத்து ஜமாபந்தியில் ஒரு விசித்திரமான நடைமுறை இருந்தது. கண்மாயில் தண்ணீர் வற்றி நெல் சாவியாகப் போனால், நஞ்சைக்காரர் அதிகாரி முன்னால் போய் நிற்கலாம். தீர்வையில் வஜா, அதாவது தள்ளுபடி, கிடைக்கும். அதே வருஷம், அதே ஊரில், மழை பொய்த்துச் சோளமும் கம்பும் கருகிப்போன புஞ்சைக்காரர் போய் நின்றால், கிஸ்தியைக் கட்டிவிட்டுப் பேசு என்பதுதான் பதில். ஜில்லாவே பஞ்சத்தில் விழுந்தாலொழிய, சாதாரண வறட்சிக்குப் புஞ்சையில் தள்ளுபடி என்ற பேச்சே எழாது.

இதற்கு சர்க்காரிடம் ஒரு காரணம் இருந்தது. சென்னை மாகாணத்து ரயத்துவாரி முறையில் தீர்வை போட வந்த அதிகாரிகள் மண்ணைத் தரம் தரமாகப் பிரித்தார்கள். இந்தத் தரத்து மண்ணில் ஏக்கருக்கு இவ்வளவு விளையும் என்று எழுதிக்கொண்டார்கள். அதிலிருந்து பருவக் கோளாறுக்காக ஒரு பங்கைக் கழித்தார்கள். சாகுபடிச் செலவையும் கழித்து, மிஞ்சியதில் பாதியைத் தீர்வையாக வைத்தார்கள். கெட்ட வருஷத்துக்கான கழிவை இப்படி முன்கூட்டியே கொடுத்தாயிற்று, பிறகு எதற்கு வஜா என்பது அவர்கள் கட்சி. தானியத்தைப் பணமாக மாற்றக் கணக்கிட்ட விலைகூட இருபது வருஷச் சராசரிதான். அதிலும் பஞ்ச வருஷங்களை விட்டுவிட்டுப் பார்த்த சராசரி. பஞ்சத்தில் தானிய விலை தாறுமாறாக ஏறும் என்பதால், அந்த ஒரு விஷயத்தில் கணக்கு விவசாயிக்குச் சாதகமாகவே இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

காகிதத்தில் இது சரியான கணக்கு. ஆனால் சராசரி வருஷம் என்று ஒன்று கரிசல் காட்டில் வந்ததே இல்லை. அங்கே மழை எவ்வளவு பெய்தது என்பதைவிட என்றைக்குப் பெய்தது என்பதுதான் விளைச்சலைத் தீர்மானித்திருக்கிறது. சர்க்கார்கள் மாறின, தீர்வை போய் நிவாரணமும் காப்பீடும் வந்தன. சராசரியை வைத்துப் புஞ்சையை அளக்கும் பழக்கம் மட்டும் விட்டபாடில்லை.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், சாத்தூர், அருப்புக்கோட்டை என்று விரியும் இந்தக் கரிசல் பூமிக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. ஆனி, ஆடியில் அந்த மலை தென்மேற்குப் பருவக்காற்றின் மழையைக் கேரளத்துக்கும் குற்றாலத்துக்கும் கொடுத்துவிட்டு, வறண்ட காற்றை மட்டும் கிழக்கே அனுப்பும். கோவில்பட்டிப் பக்கம் வருஷத்துக்குக் கிடைக்கும் மழை ஏறக்குறைய 700 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவமழை. அதாவது ஒரு வருஷத்துப் பிழைப்பு ஏழெட்டு வார வானத்தை நம்பியிருக்கிறது. ஆற்றுப் பாசனம் கிடையாது. கிணறு உள்ள இடம் தோட்டம். இல்லாத இடமெல்லாம் காடு. மரம் அடர்ந்த காடு என்று வெளியூர்க்காரர் நினைத்துக்கொள்வார்கள். கரிசலில் காடு என்றால் மானாவாரி நிலம்.

அந்த மண்ணின் குணம் தெரியாமல் அங்கே வறட்சியைப் பற்றிப் பேச முடியாது. கரிசலில் பாதியளவு களி. நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் கை நுழையும் அகலத்துக்கு வெடிப்பு விட்டு, சில இடங்களில் ஆள் இடுப்பளவு ஆழத்துக்குப் போகும். முதல் மழை மேலே ஓடாமல் நேராக வெடிப்புக்குள் இறங்கி அடிமண்ணை நனைக்கும், அது நல்லது. வெடிப்பு மூடிக்கொண்ட பிறகு பெய்யும் மழை உள்ளே இறங்க வழியில்லாமல் மேலேயே நிற்கும். செடியின் வேர் மூச்சுத் திணறி, இலை மஞ்சளாகும். நன்றாகக் குடித்த கரிசல் மழை நின்று வெகுநாள் வரை ஈரத்தை வைத்திருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். மார்கழி, தை வரை பயிர் நிற்பது அந்தச் சேமிப்பில்தான். ஆனால் அந்த மண் ஈரத்தைக் கடைசிச் சொட்டு வரை கொடுத்துவிடாது. களி தனக்கென்று ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செம்மண்ணில் சிறு தூறலுக்கும் செடி தலைதூக்கும்; கரிசலில் அந்தத் தூறல் மண்ணுக்கே பற்றாது.

வானிலைத் துறைக்கு இரண்டரை மில்லிமீட்டர் பெய்தால் அது ஒரு மழை நாள். கரிசல்காரருக்கு அது கணக்கிலேயே வராது; சாயங்காலத்துக்குள் ஆவியாகிவிடும். அவருடைய அளவு உழவு மழை, விதைப்பு மழை. ஏர் இறங்கும் அளவுக்கு மண் இளகினால் உழவு மழை. போட்ட விதை முளைத்து, அடுத்த மழை வரும்வரை தாக்குப்பிடிக்கும் அளவுக்கு ஈரம் இறங்கினால் விதைப்பு மழை. அதற்குக் குறைந்தது 20 மில்லிமீட்டராவது வேண்டும் என்று பின்னாளில் வேளாண் ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள்.

இங்கேதான் சூதாட்டம் தொடங்கும். கரிசல் அதிகம் நனைந்தால் கால் வைக்க முடியாது. மண் பாதத்தோடு அப்பிக்கொண்டு வரும், மாடு புதையும், ஏர் நகராது. கொஞ்சம் காய்ந்தால் பாறையாக இறுகிவிடும். உழுவதற்கும் விதைப்பதற்கும் கிடைக்கும் பதம் சில நாள்தான். ஊர் முழுக்க ஒரே சமயத்தில் ஏர் பூட்டும்போது, மாடும் ஆளும் இல்லாதவர்கள் அந்தச் சில நாளைத் தவறவிடுவார்கள். இதற்குக் கண்டுபிடித்த தந்திரம் புழுதி விதைப்பு. கோடை மழையில் உழுதுபோட்ட நிலத்தில், பருவமழைக்கு முன்பே, புரட்டாசியில் காய்ந்த மண்ணில் விதையைப் போட்டு மூடிவிடுவது. மழை விழுந்த அன்றே விதை விழித்துக்கொள்ளும். ஒருநாள் ஈரமும் வீணாகாது. மழை நன்றாகப் பிடித்தால் புழுதியில் விதைத்தவர் வெள்ளாமை இரண்டு வாரம் முந்தி நிற்கும். பத்து மில்லிமீட்டர் பெய்து விதையை முளைக்க வைத்துவிட்டு வானம் இரண்டு வாரம் வெளுத்துவிட்டாலோ, முளைத்ததெல்லாம் கருகும். மறுபடி விதை வாங்க வேண்டும், மறுபடி கடன். பெய்யாத மழை விதையைக் களஞ்சியத்திலோ புழுதியிலோ அப்படியே விட்டுவைக்கும். அரைகுறையாகப் பெய்த மழைதான் விதையையும் சேர்த்துத் தின்னும்.

முளை பிழைத்துவிட்டால் அடுத்த கண்டம் பூக்கும் காலம். சோளம் இந்த விஷயத்தில் கெட்டிக்காரப் பயிர். ஈரம் குறைந்தால் இலையைச் சுருட்டிக்கொண்டு வளர்ச்சியை நிறுத்தி, மழை வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் கதிர் வெளிவரும் சமயத்தில் ஈரம் கைவிட்டால் அந்தச் சாமர்த்தியம் பலிக்காது. மணி பிடிக்காமல் கதிர் பொக்காகப் போகும். தட்டை மட்டும் மாட்டுக்கு மிஞ்சும். கம்புக்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. பூக்கும்போது அடைமழை பிடித்தால் மகரந்தம் கழுவிப்போகும், தேனொழுகல் நோய் வந்து கதிரில் பிசுபிசுப்பு வடியும். உளுந்தும் பாசியும் நெற்று காயும் நேரத்தில் நனைந்தால் செடியிலேயே முளைவிடும். பருத்தி வெடிக்கும் மாசி, பங்குனியில் விழும் மழை பஞ்சைக் கறைப்படுத்தி விலையைக் குறைக்கும். ஒரே மழை ஒருவருடைய சோளத்தைக் காப்பாற்றிப் பக்கத்துக் காட்டுப் பாசியைக் கெடுத்துவிடும். கரிசல்காரர்கள் ஒரே காட்டில் நாலு வகைப் பயிரைக் கலந்து விதைத்தது இதனால்தான். குதிரைவாலி ஒரு பக்கம், பருத்திக்குள் உளுந்து ஒரு பக்கம், வரப்போரம் ஆமணக்கு. எது போனாலும் ஏதாவது ஒன்று வீடு வந்து சேரும் என்ற கணக்கு.

அந்தக் கணக்கு முழுதாகத் தோற்ற வருஷம் 1876. தமிழ் வருஷக் கணக்கில் தாது. அந்த ஆண்டு தென்மேற்கும் ஏமாற்றியது, வடகிழக்கும் ஏமாற்றியது. தமிழகப் பகுதியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்த மழை 163 மில்லிமீட்டரைச் சுற்றித்தான் இருந்தது. வழக்கமாகப் பெய்ய வேண்டியது 440. காரணம் வெகுதூரத்தில், பசிபிக் கடலில் இருந்தது என்று இன்றைய வானிலை ஆய்வு சொல்கிறது. எல் நினோ என்றால் வறட்சி என்று நாம் பழகிவிட்டோம். வடகிழக்குப் பருவமழை விஷயத்தில் பெரும்பாலும் தலைகீழ்: பசிபிக் குளிர்ந்து கிடக்கும் வருஷங்களில்தான் அது மெலியும். 1876இல் பசிபிக் குளிர்ந்திருந்தது, தமிழகத்தின் மழை போயிற்று. 1877இல் பெரிய எல் நினோ உருவாகி, தென்மேற்கை நம்பியிருந்த தக்காணத்தையும் சேர்த்து அடித்தது. இரண்டு அடியும் அடுத்தடுத்து விழுந்ததால் ஒரு வருஷப் பஞ்சம் இரண்டு வருஷப் பஞ்சமாயிற்று.

பெல்லாரி, கர்நூல், சேலம் ஜில்லாக்கள் பட்ட பாட்டோடு பார்த்தால் திருநெல்வேலிச் சீமை பட்டது குறைவு. தாமிரபரணி ஓரத்து நஞ்சை ஓரளவுக்குத் தப்பியது. வடக்கே ஓட்டப்பிடாரம், சாத்தூர்க் கரிசலுக்கு அப்படி ஓர் ஆறு இல்லை.

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் அதே 1876இல்தான். ரயில் வந்தால் பஞ்சம் வராது, தானியம் உள்ள ஊரிலிருந்து இல்லாத ஊருக்குப் போய்விடும் என்று பேசினார்கள். தானியம் போனது உண்மை, ஆனால் பசி இருந்த ஊருக்குப் போகவில்லை. விலை இருந்த ஊருக்குப் போயிற்று. கூலி இழந்தவர் கையில் காசு இல்லை. அவர் ஊர் ரயிலடியில் மூட்டைகள் இறங்கினாலும் அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

கல்கத்தாவிலிருந்து பார்வையிட வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள் 1877 தொடக்கத்தில் நிவாரண வேலைக் கூலியைக் குறைத்தார். ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறக்குறைய 450 கிராம், தானியம் வாங்கும் காசும் மேற்கொண்டு ஓர் அணாவும். கல் உடைத்து மண் சுமக்கும் ஆளுக்கு இது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் விடாமல் எதிர்த்து எழுதினார். சில மாதம் கழித்துக் கூலி உயர்ந்தது. அதற்குள் பலருக்குக் காலம் கடந்துவிட்டிருந்தது. சென்னையில் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி இந்த நிவாரண வேலையில் வெட்டப்பட்டதுதான். அப்போதைய கவர்னர் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. பஞ்சத்தில் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் மட்டும் 50 லட்சத்துக்கு மேல் செத்ததாகப் பின்னர் அமைத்த பஞ்ச கமிஷன் கணக்கிட்டது. 1881 கணக்கெடுப்பில் சென்னை மாகாண மக்கள்தொகை பத்து வருஷத்துக்கு முன்பு இருந்ததைவிடக் குறைந்திருந்தது.

பிழைத்தவர்கள் கப்பலேறினார்கள். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும், ராமேஸ்வரம் வழியாக மன்னாருக்கும் போய், இலங்கை மலையகத்துக் காப்பித் தோட்டங்களில் சேர்ந்தார்கள். 1877இல் அந்தப் போக்குவரத்து திடீரென்று பெருகியது. காப்பிச் செடியிலும் இலைநோய் விழுந்து அந்தத் தோட்டங்களே சரியத் தொடங்கியிருந்த நேரம் அது.

இந்தப் பஞ்சத்தைப் பற்றிச் சர்க்கார் எழுதிவைத்த அறிக்கைகள் ஏராளம். தமிழில் எழுதியவர்களும் உண்டு. சிவகங்கையைச் சேர்ந்த வில்லியப்ப பிள்ளை ஆயிரக்கணக்கான அடிகளில் பாடிய 'பஞ்சலட்சணத் திருமுகவிலாசம்' 1899இல் அச்சேறியது. பசி தாங்காமல் முறையிட வந்தவர்களிடம், என்னாலும் ஒன்றும் ஆகாது என்று மதுரைச் சுந்தரேசுவரரே கையை விரித்து, சிவகங்கை ஜமீன்தாருக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதிக்கொடுத்து அனுப்புவதாகக் கதை. பஞ்சத்தைப் பற்றிய இலக்கியம் ஒப்பாரியாகத்தான் இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு அதன் கிண்டல் அதிர்ச்சியாக இருக்கும். வாய்மொழியாக வழங்கிவந்த நல்லதங்காள் கதை அதற்கும் முந்தியது. மானாமதுரையில் வாழ்க்கைப்பட்டு, பஞ்சத்தில் பிறந்த வீட்டுக்கு ஏழு பிள்ளைகளோடு வந்து, அண்ணியின் ஏச்சுக்குப் பிறகு பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்தவள். வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் இருக்கிறது.

மழைக்காகச் செய்த சடங்குகளிலும் இந்தப் பூமியின் வறட்சி பதிந்திருக்கிறது. வைக்கோலால் கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாக இழுத்து, ஊர் எல்லையில் வைத்து அழுவார்கள். பெண்கள் வீடு வீடாகக் கஞ்சி வாங்கிப் பொது இடத்தில் ஊற்றிக் குடிப்பது மழைக்கஞ்சி. கழுதைக்குக் கல்யாணம் செய்து வைப்பதும், விராட பருவம் வாசிப்பதும் உண்டு. இவற்றில் ஒன்றாவது பருவம் தவறிப் பெய்யாதே என்று வேண்டுவதாக இல்லை என்பது கவனிக்க வேண்டியது. பெய், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் வேண்டுதல்.

பஞ்சத்துக்குப் பிறகு சர்க்கார் இரண்டு வழியில் யோசித்தது. ஒன்று, பஞ்ச விதித்தொகுப்பு: எந்தக் கட்டத்தில் நிவாரண வேலை தொடங்குவது, எப்போது கஞ்சித்தொட்டி திறப்பது என்ற நடைமுறை. மற்றது ஆராய்ச்சி. 1901இல் கோவில்பட்டியில் ஒரு வேளாண் பண்ணை தொடங்கினார்கள். வறண்ட பூமியின் மீது இரக்கப்பட்டுத் தொடங்கியது என்று சொல்ல முடியாது. அவர்கள் கண் பருத்தி மேல் இருந்தது.

திருநெல்வேலிப் பருத்திக்கு உலகச் சந்தையில் 'டின்னீஸ்' என்று பெயர். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த 1861 முதல் 1865 வரை லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு வராமல் போனபோது, இந்தியப் பருத்திக்கு விலை எக்கச்சக்கமாக ஏறியது. அதற்கு இருபது வருஷம் முன்பே கோயம்புத்தூரில் தாவரவியலாளர் ராபர்ட் வைட் மேற்பார்வையில் அமெரிக்கப் பருத்தியைக் கொண்டுவந்து பயிரிட்டுப் பார்த்தார்கள். நீளமான இழை வேண்டும் என்பது ஆலைக்காரர் ஆசை. அந்தச் செடி இங்கத்து மழையை நம்பி நிற்கவில்லை. சோதனை 1850களில் கைவிடப்பட்டது. கரிசலில் நின்றது நாட்டு ரகங்களான உப்பமும் கருங்கண்ணியும்தான். ஆழமாக வேர்விட்டு அடிமண் ஈரத்தில் பிழைப்பவை. இழை குட்டை, விலை குறைவு, ஆனால் வறண்ட வருஷத்திலும் ஒரு பறிப்பாவது கொடுக்கும். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வந்த கம்போடியாப் பருத்தி நல்ல விலை போனது. அதற்குக் கிணற்றுத் தண்ணீர் இருந்தால்தான் சிறப்பு. ஆக, கிணறு வைத்திருந்தவர் கம்போடியாவுக்கு மாறினார், காட்டை மட்டும் வைத்திருந்தவர் கருங்கண்ணியில் நின்றார். பருத்தியில் பணம் பார்க்கலாம் என்று இறங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர்களும் உண்டு. எட்டயபுரத்தில் பருத்தி ஆலை வைத்து நொடித்துப்போன சின்னசாமி ஐயர், பாரதியின் தந்தை.

கோவில்பட்டிப் பண்ணை கையால் வீசி விதைத்த பருத்தியை வரிசையில் விதைக்கச் சொல்லிக்கொடுத்தது. கருங்கண்ணியில் நல்ல செடிகளைப் பொறுக்கி ரகங்களாக்கியது. சோளம், கம்பு, உளுந்து, பாசி, மிளகாய் என்று வேலை விரிந்தது. இன்றும் விதைக்கடையில் 'கே' என்று தொடங்கும் ரகம் கோவில்பட்டியில் உருவானது. 'கோ' என்றால் கோயம்புத்தூர். 1970இல் தொடங்கிய அனைத்திந்திய மானாவாரி ஆராய்ச்சித் திட்டத்தின் மையங்களில் கோவில்பட்டியும் ஒன்று. விவசாயிகளின் பழைய புழுதி விதைப்பை ஆய்வாளர்கள் ஒதுக்கவில்லை. அதையே எடுத்து, எந்த வாரத்தில் விதைத்தால் ஆபத்து குறைவு என்று பல வருஷத்து மழைப் பதிவை வைத்துக் கணக்கிட்டார்கள். கூடவே விதையைக் கடினப்படுத்தும் முறை வந்தது. சோள விதையை இரண்டு சத பொட்டாசியம் டை-ஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் ஆறு மணிநேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்குக் காயவைத்து விதைத்தால், முளைத்த பிறகு வரும் இடைவெளியைக் கூடுதலாகச் சில நாள் தாங்கும். அந்தச் சில நாளுக்குத்தான் கரிசலில் மதிப்பு.

ஆராய்ச்சி ஒரு பக்கம் நடக்க, கரிசல்காரர் வானத்தை விட்டு விலகிப் பிழைக்கவும் வழி தேடினார். சிவகாசி ஐயநாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். மழையில்லாத வறண்ட காற்று தீக்குச்சி உலர்வதற்கு உகந்தது, பட்டாசுக்கும் அச்சு மைக்கும் அப்படியே. வெள்ளாமையைக் கெடுத்த அதே காற்று இன்னொரு தொழிலுக்கு மூலதனமாயிற்று. சாத்தூர், கோவில்பட்டி என்று தொழில் பரவியது. மழை பொய்த்த வருஷங்களில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் வண்டிகளில் கூட்டம் ஏறும். பல காலம் அந்தக் கூட்டத்தில் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்க வேண்டிய பிள்ளைகளும் இருந்தார்கள் என்பதை மறைப்பதற்கில்லை.

இன்னொரு வழி சீமைக்கருவேல். 1876–78 பஞ்சத்தின் நடுவே, 1877இல், சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதியில் முதலில் நட்ட மரம் அது. எங்கேயும் வளரும், எரிபொருள் தரும் என்பதற்காகக் கொண்டுவந்தார்கள். பிறகு ராமநாதபுரத்தையும் கரிசலையும் பிடித்துக்கொண்டது. ஒரு வருஷம் விதைக்காமல் தரிசு போட்ட காட்டுக்குள் அது நுழையும். இரண்டு மூன்று வருஷத்தில் ஏர் இறங்காது. கண்மாய்க்குள் நுழைந்து தண்ணீர் நிற்கும் இடத்தையும் அடைக்கும். 2017இல் அதை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஆனால் விளைச்சல் இல்லாத வருஷத்தில் அதை வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி விற்றுத்தான் பல குடும்பங்கள் அரிசி வாங்கியிருக்கின்றன. வெட்டிய கட்டையைக் குவித்து, மேலே தழையும் மண்ணும் மூடி, புகை மட்டும் வெளியேற ஓட்டை விட்டுத் தீ வைப்பார்கள். நாள் கணக்கில் புகையும். மண் எங்காவது விரிந்து காற்று புகுந்தால் கரி அத்தனையும் சாம்பல். ராத்திரியும் ஆள் காவல் இருக்க வேண்டும். புஞ்சைக்கு எமனும் அதுதான், புஞ்சைக்காரருக்குப் பஞ்சகாலச் சோறும் அதுதான்.

இந்த மண்ணின் கதையை எழுதியவர்களுக்குப் பஞ்சம் பாடமாகப் படித்த விஷயமில்லை. இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணனின் 'கதவு' கதையில் தீர்வை பாக்கிக்காக ஒரு வீட்டுக் கதவையே கழற்றிக்கொண்டு போகிறார்கள். உருளைக்குடி சோ. தர்மனின் 'சூல்' ஒரு கண்மாயைச் சுற்றியே நடக்கிறது. புஞ்சை பொய்த்தால் ஊர் எதைப் பிடித்துத் தொங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கடந்த கால் நூற்றாண்டில் காட்டின் நிறமே மாறிவிட்டது. பருத்தியும் சோளமும் நின்ற இடத்தில் மக்காச்சோளம். நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனம் வேண்டும். வியாபாரி களத்துக்கே வந்து எடுத்துப்போவார், பறிகூலித் தொல்லை இல்லை. மாறியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் சோளம் மாதிரி வளர்ச்சியை நிறுத்திக் காத்திருக்க மக்காச்சோளத்துக்குத் தெரியாது. ஆண்பூ விரிந்து பெண்பூவின் நூல் வெளிவரும் சில நாளில் ஈரம் இல்லையென்றால் கதிரில் மணி இருக்காது. ஊர் முழுக்க ஒரே பயிர் நின்றதால் வேறொரு விலையும் கொடுக்க நேர்ந்தது. 2018இல் இந்தியாவுக்குள் வந்த படைப்புழு, அந்த ஆண்டே தமிழகத்து மக்காச்சோளக் காடுகளைக் குருத்தோடு தின்றது. நாலு பயிர் கலந்து விதைத்த காலத்தில் ஒரு புழு இத்தனை வேகமாக ஊரை வளைத்திருக்க முடியாது.

அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 2016இல், 1876க்குப் பிறகு இல்லாத அளவுக்கு வடகிழக்குப் பருவமழை தவறியது. 440 மில்லிமீட்டர் பெய்ய வேண்டிய இடத்தில் 168. குறைவு 62 சதவீதம். பசிபிக்கும் அந்த வருஷம் லேசாகக் குளிர்ந்துதான் கிடந்தது. 2017 ஜனவரியில் அப்போதிருந்த 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. ரேஷன் கடையும் நூறுநாள் வேலையும் இருந்ததால் தாது வருஷம் திரும்பவில்லை. நிவாரணத்தில் மட்டும் பழைய வாடை அடித்தது. பேரிடர் நிதிக்கு மத்திய அரசு வைத்திருந்த அளவுகோலில் பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 13,500 ரூபாய், மானாவாரிப் பயிருக்கு 6,800. போட்ட செலவு குறைவு என்பது அதற்குச் சொல்லும் காரணம். ஒரு தரம் விதைத்துக் கருகி, மறுபடி விதைத்தவருடைய செலவு அந்தக் கணக்கில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நேர் எதிர். காயல்பட்டினத்தில் 24 மணிநேரத்தில் 95 சென்டிமீட்டர். ஒரு வருஷ மழைக்கு மேல் ஒரே நாளில். கோவில்பட்டிப் பக்கமும் கொட்டித் தீர்த்தது. கரிசல் வெடிப்பெல்லாம் ஏற்கெனவே மூடியிருந்த மார்கழி அது. உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் நின்ற காடுகளில் தண்ணீர் தேங்கி நின்றது. பருவ முடிவில் எழுதிய மழைப் புள்ளிவிவரத்தில் தூத்துக்குடி மாவட்டம் மிகை மழை பெற்ற மாவட்டம்.

இன்றைய பயிர்க் காப்பீடு வஜாவைவிட எவ்வளவோ மேல். 2016இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் வெள்ளம் தேங்கினால் தனி நிலத்தைப் பார்வையிடவும் வழி வைத்திருக்கிறார்கள். அறிவிக்கப்பட்ட பகுதியில் முக்கால்வாசிப் பரப்புக்கு மேல் விதைக்கவே முடியாமல் போனால், காப்பீட்டுத் தொகையில் கால்வாசி கிடைக்கும். ஆனால் விதைத்து, முளைத்து, கருகினால் அது விதைத்த நிலம்தான். வறட்சி இழப்பைக் கணக்கிடும் அலகு வருவாய்க் கிராமம் அல்லது பிர்க்கா. அறுவடை நேரத்தில் சில சர்வே எண்களைக் குலுக்கலில் எடுத்து, பெரும்பாலான பயிர்களுக்கு ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளந்து அறுத்து எடை போடுகிறார்கள். வரும் எடையை முந்தைய வருஷங்களின் சராசரியோடு ஒப்பிட்டு, ஊருக்கு மொத்தமாக ஒரு முடிவு சொல்கிறார்கள். ரோட்டுக்கு மேற்கே ஐப்பசியில் ஒரு மழை கூடுதலாகப் பெய்து, கிழக்கே பெய்யாமல் போவது கரிசலில் சாதாரணம். மேற்கே ஏக்கருக்குப் பத்து மூட்டை, கிழக்கே வெறும் தட்டை என்றாலும் இரண்டும் ஒரே வருவாய்க் கிராமத்தின் சராசரிக்குள்தான் வரும். இழப்பீடு உண்டு என்றாலும் இல்லை என்றாலும் அந்த முடிவு இரண்டு காட்டுக்கும் பொது.